600 ரூபாய் ஜப்பான் கத்தி

கரட் வெட்டும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும், கவனித்திருக்கிறீர்களா? கத்தி பாதி தூரம்தான் இறங்கியிருக்கும், மீதியைக் கரட் தானே பிளந்துகொள்ளும். துண்டொன்று பாய்ந்து அடுப்புக்கடியில் போய் விழும். பதினொரு வருடம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் சமைத்தேன். அது கரட்டின் குணம் என்று நினைத்திருந்தேன். கத்தியின் குணம் என்று தெரிய வந்தது பிறகுதான்.

இலங்கை மலையகத்து ஹட்டனில் வீட்டிலிருந்தே சோற்றுப் பார்சல் செய்து கொடுக்கிறேன். சாதாரண நாளில் 40 பார்சல். வெள்ளி, சனியில் பிரைட் றைஸ் ஓர்டரும் சேர்ந்தால் 80, 90 ஆகிவிடும். கறிக்கு வெட்டுவது வேறு, பிரைட் றைஸுக்கு வெட்டுவது வேறு. லீக்ஸ், கரட், கோவா, போஞ்சி எல்லாம் பொடிப்பொடியாக, ஒரே அளவில் வேண்டும். இல்லாவிட்டால் ஒன்று வேகும், ஒன்று வேகாது. சனிக்கிழமை என்றால் 12 கிலோ மரக்கறியாவது வெட்ட வேண்டியிருக்கும். அப்போது என்னிடம் இருந்தது டவுனில் 450 ரூபாய்க்கு வாங்கிய கறுப்புப் பிடிக் கத்தி ஒன்றும், பட்டறையில் அடித்த கனத்த மன்னாக் கத்தி ஒன்றும்தான். சாயந்தரமானால் மணிக்கட்டு வீங்கி, அரிசி கழுவக்கூடக் கை வராது.

பேஸ்புக்கில் ஒரு விளம்பரம் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தது. அலகில் விரல் நுழைய ஒரு ஓட்டை, அலகு முழுக்க அலை அலையாகக் கோலம், தாடி வைத்த ஒரு கிழவர் நெருப்பில் இரும்பு அடிக்கிறார். 'ஜப்பானியக் கைவினைக் கத்தி, இன்று மட்டும் பாதி விலை.' 7,900 ரூபாய். அந்த 'இன்று மட்டும்' மூன்று மாதமாக ஓடிக்கொண்டிருந்தது. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை, வாங்கிவிட்டேன்.

பெட்டியைத் திறந்ததும் அப்பாதான் முதலில் கையில் எடுத்தார். முப்பத்தைந்து வருடம் தோட்டத்தில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய கை. அலகைப் படுக்க வைத்துப் பார்க்கவில்லை. முதுகுப் பக்கத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்து, துப்பாக்கி குறி பார்ப்பது மாதிரி ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"என்னம்மா இது, கத்தியா மண்வெட்டியா? வாய்க்கிட்ட வந்தும் இவ்வளவு தடிப்பா இருக்கே."

நான் கோலத்தைக் காட்டினேன். "கோலம் போட்டா வெட்டுமா?" என்று கேட்டுவிட்டு பிளேன்டீயைக் குடிக்கப் போய்விட்டார்.

இரண்டு மாதம் பாத்திரம் கழுவும் நாரால் தேய்த்ததில் அந்த அலைக் கோலம் மங்கத் தொடங்கியது. பிறகு படித்துத்தான் விஷயம் புரிந்தது. டமாஸ்கஸ் கோலம் உண்மையாக இருந்தால், அது இரண்டு வகை இரும்பைப் பல அடுக்காகச் சேர்த்து அடித்ததால் வருவது. கூரைத் தொடுவதற்கு முன் அலை நின்று, நடு இரும்பு தனியாக ஒரு பட்டையாகத் தெரியும். முதுகைப் பார்த்தாலும் அடுக்கு இருக்கும். லேசரால் மேலே சுட்ட கோலம் முதுகில் இருக்காது, இரண்டு பக்கமும் அச்சடித்தது போல ஒரே மாதிரி இருக்கும். இத்தனைக்கும் உண்மையான கோலம்கூட வெட்டுவதற்கு ஒன்றும் செய்யாது. வெட்டுவது நடுவில் இருக்கிற இரும்பு. கோலத்துக்குக் கொடுக்கிற காசு கண்ணுக்குத்தான்.

அப்பா ஒரு பார்வையில் கண்டுபிடித்ததை நான் 7,900 ரூபாய் கொடுத்துப் படித்தேன். கரட் பிளப்பது கத்தி மொட்டையாக இருப்பதால் மட்டும் இல்லை. கூர் எவ்வளவு இருந்தாலும், கூருக்கு மேலே ஒரு விரற்கடை தூரத்தில் அலகு தடிப்பாக இருந்தால் அது ஆப்பு மாதிரி வேலை செய்யும். ஆப்பு விறகைப் பிளக்கும், நறுக்காது. கரட், பீட்ரூட், நோக்கோல் போன்ற கெட்டிச் சாமான்களில் இது உடனே தெரியும். தக்காளியில் தெரியாது. அதனால்தான் விளம்பரத்தில் எல்லாரும் தக்காளியை வெட்டிக் காட்டுகிறார்கள். தக்காளியும் கடதாசியும் கூரை மட்டும்தான் சோதிக்கும். நான் இப்போது எந்தக் கத்தியையும் தடித்த கரட் ஒன்றின் அடிப்பகுதியில்தான் சோதிக்கிறேன். சத்தமில்லாமல் இறங்கினால் பாதிப் பரீட்சை பாஸ்.

சரி, 600 ரூபாய்க் கதைக்கு வருகிறேன்.

ஜப்பானில் பாவித்த சாமான்களைக் கொண்டுவந்து விற்கிற கடைகள் இப்போது நம் நாட்டில் பல ஊர்களில் இருக்கின்றன. சைக்கிள், குழந்தை நாற்காலி, பீங்கான் கோப்பை, ரைஸ் குக்கர் எல்லாம் குவித்து வைத்திருப்பார்கள். கண்டிக்குப் போன ஒரு நாள் மழைக்கு ஒதுங்கி அப்படி ஒரு கடைக்குள் நுழைந்தேன். கரண்டி, முள்ளுக்கரண்டி குவிந்த ஒரு பிளாஸ்டிக் கூடையின் அடியில் ஏழெட்டுக் கத்திகள் கிடந்தன. துருப்பிடித்தது, பிடி வெடித்தது, நுனி உடைந்தது என்று எல்லாம் நோயாளிகள். "எது எடுத்தாலும் 600" என்றார் கடைக்காரர். ஆனால் ஒவ்வொன்றையும் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தபோது, அப்பா சொன்ன அந்த மெல்லிசு இருந்தது. கூர் கிடையாது, ஆனால் உடம்பு மெல்லிசு. கூரை நாம் வைத்துக்கொள்ளலாம். தடித்த அலகை மெல்லிசாக்குவது வீட்டில் நடக்கிற வேலை இல்லை.

இரண்டு எடுத்தேன். அதில் ஒன்று பிழை.

பிழையானது, தடித்த முதுகும் கூர்மூக்கும் உள்ள கனமான கத்தி. பார்வைக்கு அதுதான் கம்பீரமாக இருந்தது. வீட்டில் வந்து கரட் வெட்டினால் கத்தி நேராக இறங்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போகிறது. என் கைதான் சரியில்லை என்று ஒரு வாரம் போராடினேன். அதன் பெயர் தேபா. மீனின் தலையை வெட்டவும் சதையை முள்ளிலிருந்து பிரிக்கவும் ஜப்பானியர்கள் வைத்திருக்கிற கத்தி. அதற்கு ஒரு பக்கத்தில் மட்டும்தான் சரிவு, மறுபக்கம் தட்டை, நடுவில் லேசான குழிவுகூட இருக்கும். மீனுக்கு அது வசதி, மரக்கறிக்கு உபத்திரவம். இடதுகைக்காரர்களுக்கு இன்னும் மோசம், ஏனென்றால் அநேகமாக எல்லாம் வலதுகைக்கென்று செய்தவை. பழைய கத்தி பொறுக்கும்போது கூரை நேரே முன்னால் பிடித்துப் பாருங்கள். சரிவு இரண்டு பக்கமும் சமமாக இருந்தால்தான் வீட்டுச் சமையலுக்கு ஆகும்.

மற்றது சந்தொக்கு. பதினேழு சென்ரிமீற்றர் அலகு, முதுகு நுனிப் பக்கம் வளைந்து இறங்கும். 'சந்தொக்கு' என்றால் மூன்று நற்குணம் என்று பொருள். இறைச்சி, மீன், மரக்கறி மூன்றுக்கும் என்கிறார்கள். சாமுராய் காலத்துச் சாமான் ஒன்றும் இல்லை, இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வீட்டுச் சமையலுக்கென்று பரவிய கத்திதான். என் கத்தியின் அலகில் ஜப்பான் எழுத்து மூன்று நான்கு இருந்தது. முதல் எழுத்து வாசல் மாதிரி இருக்கும். இரண்டு பக்கமும் நிலைக்கால், மேலே இரண்டு சின்னச் சாளரம், உள்ளே யாரோ கையை விரித்து நிற்பது போல ஒரு கோடு. சித்தி மகன் ஜப்பானில் படிக்கிறான், போட்டோ அனுப்பினேன். "அக்கா, அது செகி. ஊர்ப் பெயர்" என்று பதில் வந்தது. காவல் வாசல், சோதனைச் சாவடி என்றெல்லாம் அதற்கு அர்த்தமாம். கிஃபு மாகாணத்தில் இருக்கிற அந்த ஊரில் முற்காலத்தில் வாள் அடித்தார்கள், இப்போது சமையல் கத்தி, கத்தரிக்கோல், சவர அலகு எல்லாம் செய்கிறார்கள். அந்த வாசல் எழுத்தை மனதில் வைத்துக்கொண்டால் குப்பைக் கூடைக்குள்ளும் பொறுக்கலாம். ஆனால் எழுத்தை மட்டும் நம்ப வேண்டாம், எழுத்தை எவரும் அச்சடிக்கலாம். முதலில் மெல்லிசு, பிறகுதான் எழுத்து.

துருவைப் பற்றி ஒன்று. மேலே பூத்த துரு போய்விடும், சாம்பலும் எலுமிச்சந்தோலும் போதும். கூரின் ஓரத்தில் குழி குழியாக அரித்திருந்தால் விட்டுவிடுங்கள், தேய்க்கத் தேய்க்கப் பல் விழுந்துகொண்டே வரும். அலகு வளைந்திருந்தாலும் வேண்டாம். நுனி உடைந்திருந்தால் பரவாயில்லை, முதுகுப் பக்கமிருந்து தேய்த்துப் புது நுனி எடுக்கலாம். என்னுடையதும் அப்படித்தான், இப்போது 16 சென்ரிமீற்றர்.

வாங்கி வந்ததும் அது வெண்ணெய்கூட வெட்டாது. இந்த இடத்தில்தான் பலர் 'ஜப்பான் கத்தி இவ்வளவுதானா' என்று கைவிடுகிறார்கள். என் வீட்டில் இஸ்தோப்பில் ஒரு வாத்தியார் உட்கார்ந்திருந்தார்.

கவ்வாத்து பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தேயிலைச் செடியைச் சில வருடத்துக்கு ஒருமுறை இடுப்பளவுக்கும் கீழே வெட்டி விடுவார்கள். வெட்டு சாய்வாக, ஒரே வீச்சில், வழுவழுவென்று விழ வேண்டும். பட்டை கிழிந்தால், தண்டு பிளந்தால் அந்த வாய் வழியாகச் செடிக்கு நோய் ஏறும். அதனால் கவ்வாத்துக்காரர்களின் கத்தி எப்போதும் கூராக இருக்கும், கல் ஒன்றும் கூடவே இருக்கும். நாளில் எத்தனை முறை தீட்டுவார்கள் என்று அவர்களே எண்ணியதில்லை. மலையகத்தில் கூர் வைக்கிற கலை இந்த மனிதர்களின் கையில் கிடக்கிறது. நான் என்னடாவென்றால் யூடியூப்பில் அமெரிக்கர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் அப்பாவின் கல் ஜப்பான் கத்திக்கு ஆகவில்லை. அது ஹார்ட்வெயார் கடையில் கிடைக்கிற சாம்பல் நிறக் கல், சொரசொரப்பு அதிகம். மன்னாக் கத்திக்கும் கோடரிக்கும் நல்லது. அதனால் கல் ஒன்று வாங்கினேன். ஒரு பக்கம் 400, மறுபக்கம் 1000 போட்ட சீனக் கல், ஒன்லைனில் 2,600 ரூபாய். இந்த எண் கூடக் கூடக் கல் நைசாகும். 400 உடைந்த வாயைச் சரிப்படுத்த, 1000 தினசரிக் கூருக்கு. 3000, 6000 எல்லாம் மெருகுக்கு. மரக்கறிக்கு 1000 தாராளம். ரொம்ப மெருகேற்றினால் தக்காளித் தோலில் கத்தி வழுக்குவதுகூட உண்டு. கொஞ்சம் 'பல்' இருந்தால்தான் பிடிக்கும். ஜப்பானின் 'கிங்' கல் 1000, இன்னும் நல்லது, நான் பிறகுதான் அதற்குப் போனேன். தொடங்குகிறவருக்குச் சீனக் கல்லே போதும்.

முதல் நாள் நடந்தது இது. கல்லைத் தண்ணீரில் போட்டோம். குமிழி வந்துகொண்டே இருந்தது, நிற்கப் பத்து நிமிடம் ஆனது. அப்பா ஈரச் சாக்கை நாலாக மடித்து அதன்மேல் கல்லை வைத்தார், அசையாமல் இருக்க. கத்தியை எவ்வளவு சாய்ப்பது என்று கேட்டேன். "கை சொல்லும்" என்றார். அது அவர் கை. என் கை ஒன்றும் சொல்லவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஜப்பான் கத்திக்குப் பக்கத்துக்கு 15 பாகை அளவு என்கிறார்கள். என் சந்தொக்குவின் அகலம் நாலரை சென்ரிமீற்றர். அப்படியானால் முதுகு கல்லிலிருந்து சுமார் 12 மில்லிமீற்றர் உயர வேண்டும். ஒரு நெருப்புப்பெட்டியைப் படுக்க வைத்த உயரம்! பெட்டியை முதுகுக்கடியில் வைத்து உயரத்தைக் கண்ணால் பிடித்துக்கொண்டு, பெட்டியை எடுத்துவிட்டுத் தேய்க்கத் தொடங்கினேன். அப்பா சிரித்தார். ஆனால் தடுக்கவில்லை.

கல்லில் கறுப்புச் சேறு ஊறியது. கழுவப் போனேன், "விடு, அதுதான் வேலை செய்யுது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து என் கட்டைவிரலைப் பிடித்து, தேய்க்காத பக்கத்தில், முதுகிலிருந்து கூரை நோக்கி மெதுவாக வழித்து இறக்கினார். கூரின் விளிம்பில் ஏதோ நகத்தில் மாட்டுவது போல ஒரு முரடு.

"பிசிரு. இது வரலேன்னா நீ இரும்பத் தேய்ச்சிருக்க, கூரத் தேய்க்கல."

அந்த ஒரு வாக்கியத்தில் முழுப் பாடமும் இருக்கிறது. அடிமுதல் நுனிவரை பிசிர் தட்டுப்படும்வரை ஒரு பக்கம். பிறகு திருப்பி மறுபக்கம், பிசிர் இந்தப் பக்கம் வரும்வரை. அப்புறம் அழுத்தத்தைக் குறைத்துக் குறைத்து, பக்கத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி இழுத்தால் பிசிர் மெலிந்து உதிரும். கடைசியில் பழைய பேப்பரை மடித்து அதில் பின்பக்கமாக நாலு இழுப்பு. பிசிரை எடுக்காமல் விட்டால் முதல் நாள் சவர அலகு மாதிரி வெட்டும், மறுநாள் மொட்டை. 'கத்தி கூர் நிற்கவில்லை' என்று சொல்கிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இதுதான் வியாதி.

அன்று கரட் வெட்டினேன். சத்தமே இல்லை. பலகையில் கத்தி தொட்டதுதான் கேட்டது.

சீனக் கத்திக்குப் போனது பிரைட் றைஸால். கொழும்பில் ஒரு சீன உணவகத்தில் வேலை செய்த மச்சான் ஒருவர் வீட்டுக்கு வந்தபோது நான் லீக்ஸ் வெட்டுவதைப் பார்த்து, "இதுக்கு அகலக் கத்தி பாவிங்க அக்கா, வெட்டினத அப்படியே அள்ளிச் சட்டியில போடலாம்" என்றார். அகலக் கத்தி என்றதும் எனக்கு இறைச்சிக் கடைக் கோடாலிதான் ஞாபகம் வந்தது. அந்தப் பயம் எல்லாருக்கும் உண்டு, அதில்தான் பிழையும் நடக்கிறது. செவ்வக வடிவில் இருப்பதெல்லாம் ஒன்று இல்லை. மரக்கறியும் எலும்பில்லாத இறைச்சியும் நறுக்குகிற மெல்லிய கத்தி ஒன்று, முதுகே 2 மில்லிமீற்றர் அளவுதான் இருக்கும், எடை 300 கிராம் சுமார். எலும்பு தறிக்கிற தடித்த கத்தி இன்னொன்று, அதன் எடை இரட்டிப்புக்கும் மேல். நடுவில் மூன்றாவது ஒன்று, முன்பக்கம் நறுக்கவும் பிடியை ஒட்டிய பக்கம் சின்ன எலும்பு தறிக்கவும். படத்தில் மூன்றும் ஒரே மாதிரி தெரியும். எடையையும் முதுகுத் தடிப்பையும் போடாத விளம்பரத்தில் வாங்கவே வேண்டாம்.

நான் வாங்கியது ஷி பா ஸி என்ற பெயருடையது. சீனாவில் குவாங்டொங் மாகாணத்து யாங்ஜியாங், கத்திக்கும் கத்தரிக்கோலுக்கும் பெயர்போன ஊர், அங்கே செய்வது. 'ஷி பா ஸி' என்றால் பத்து, எட்டு, பிள்ளை. இந்த மூன்று எழுத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் 'லி' என்ற குடும்பப் பெயரின் எழுத்து வரும். விடுகதை மாதிரி ஒரு பெயர். ஒன்லைனில் எனக்கு எல்லாம் சேர்த்து 6,800 ரூபாய் ஆனது. அலை விளம்பரக் கத்தியை விட 1,100 குறைவு. ஹொங்கொங்கின் சான் சி கீ என்ற கொம்பனியின் மெல்லிய கார்பன் கத்திகளைச் சமையல்காரர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள், ஆனால் நம் ஊருக்கு வரவழைப்பதற்குள் விலை ஏறிவிடுகிறது.

அலகில் 5சிஆர்15எம்ஓவி என்று போட்டிருந்தது. மந்திரம் ஒன்றும் இல்லை. முதல் எண் கார்பன், 5 என்றால் அரை வீதம். சிஆர் குரோமியம், 15 வீதம் அளவு, துருவைத் தடுக்க. பிறகு கொஞ்சம் மொலிப்டினம், வனேடியம். ஜேர்மன் கத்திகளில் சாதாரணமாக வருகிற இரும்பும் கிட்டத்தட்ட இதேதான். 3சிஆர்13 என்றிருந்தால் மென்மையான இரும்பு, சீக்கிரம் மொட்டையாகும். 9சிஆர்18 என்றால் கடினம், கூர் நிற்கும், தீட்ட நேரமெடுக்கும். 10சிஆர்15 என்று தொடங்கி நடுவில் கோபால்ட் வருவது ஜப்பானின் விஜி-10 இரும்புக்குச் சீனாவின் பதில். பெயரே போடாமல் 'உயர் கார்பன் ஜேர்மன் இரும்பு' என்று மட்டும் எழுதியிருந்தால் நான் அந்தப் பக்கமே போவதில்லை.

முதல் வாரம் அகலக் கத்தியோடு சண்டைதான். பிடியை மட்டும் பிடித்தால் முன்பக்கம் தொங்கும். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் அலகையே கிள்ளிப் பிடிக்க வேண்டும், மற்ற மூன்று விரல்தான் பிடிக்கு. அப்படிப் பிடித்ததும் எடை காணாமல் போய்விட்டது. கத்தியே தன் பாரத்தில் இறங்குகிறது, நான் வழி காட்டினால் போதும். அகலம் இருப்பதால் இடதுகை விரல் முட்டியை அலகில் சாய்த்து வைக்கலாம், விரல் வெட்டுப்படுவது குறைவு. இஞ்சி, வெள்ளைப்பூண்டை அலகால் ஒரு அழுத்து, தோல் தனியாக வரும். தீட்டும்போது மட்டும் ஒரு விஷயம். அகலம் 9 சென்ரிமீற்றர் என்பதால் அதே 15 பாகைக்கு ஒரு நெருப்புப்பெட்டி போதாது, இரண்டை அடுக்க வேண்டும். ஒன்றோடு விட்டேன், முதல் தடவை கூரையே தொடாமல் அலகின் கன்னத்தைத் தேய்த்துக் கீறி வைத்தேன். அந்தக் கீறல் இன்னும் இருக்கிறது.

லீக்ஸ் வெட்டும்போது துண்டுகள் பிரியாமல் சங்கிலி மாதிரி தொங்குகிறதா? கத்தியை மட்டும் திட்டாதீர்கள். பலகை நடுவில் தேய்ந்து குழிந்திருந்தால் நேரான கூர் அடியைத் தொடாது. என் பழைய பலகை அப்படித்தான் இருந்தது, பலகைக்காரரிடம் கொடுத்துச் சீவி எடுத்தேன். கண்ணாடிப் பலகை, கிரனைட் மேடை, எவர்சில்வர் தட்டு மேல் வெட்டுகிறவர்களுக்கு இந்தக் கட்டுரையால் ஒரு பயனும் இல்லை. எந்தக் கத்தியும் அங்கே இரண்டு நாள்தான்.

தம்பி விடுமுறைக்கு வந்தபோது ஒரு புதுக் கத்தி கொண்டுவந்தான், விஜி-10 இரும்பு. ஜப்பானில் ஃபுகுயி மாகாணத்து தகெஃபு என்ற ஆலையின் இரும்பு அது. கார்பன் ஒரு வீதம், கடினம் ராக்வெல் அளவில் 60 சுமார். என் சீனக் கத்தி 55, 56 இருக்கும். அடேயப்பா, என்ன கூர்! மூன்று வாரம் தீட்டவே இல்லை. நாலாவது வாரம் அவசரத்தில் ஐஸ் விடாத கோழியைப் போட்டு வெட்டினேன். 'கிணிங்' என்றது. கூரில் அரிசி அளவு ஒரு துண்டு போய்விட்டது. கடினமான இரும்பு வளையாது, உடையும். மென்மையான இரும்பு உடையாது, மடங்கும். மடங்கியதை நிமிர்த்தலாம், உடைந்ததைத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். 400 கல்லில் இரண்டு மணி நேரம் ஆனது. 2022இல் சீனாவில் இது பெரிய செய்தியாகவே ஆனது. முந்நூறு வருடத்துக்கு மேல் பெயருள்ள ஒரு கொம்பனியின் கத்தி பூண்டு நசுக்கும்போது உடைந்துவிட, அதால் பூண்டு நசுக்கக்கூடாது என்று கொம்பனி பதில் சொல்ல, ஊரே கொதித்தது. பூண்டு நசுக்காத சீனச் சமையலறை ஏது? நம் சமையலறையும் அப்படித்தான்.

ஆகவே ஜப்பானிலிருந்து யாராவது வந்தால் விஜி-10 கேட்காதீர்கள் என்பேன். அங்கே வீட்டுச் சாமான் கடையில் 2,000, 3,000 யென்னுக்கு விற்கிற மொலிப்டினம் எவர்சில்வர் சந்தொக்கு போதும். செகி மகொரொக்கு என்ற பெயரில் வருகிற சாதாரண வகைகள் நல்லவை. செய்கிற கொம்பனி 1908இல் செகியில் தொடங்கியது, பெயர் 'கை'. அவர்கள் மொழியில் சிப்பி என்று அர்த்தம், நமக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. பெரிய சமையலுக்கு, கவனமாகப் பாவிக்கிற ஒருவருக்கு, தொஜிரோவின் விஜி-10 கத்திகள் விலைக்கு மதிப்பானவை. ஆனால் அவசரக்காரிக்கு வேண்டாம்.

கார்பன் இரும்பு பற்றிக் கேட்பார்கள். துருப்பிடிக்காத இரும்பை விடச் சுலபமாகக் கூரேறும், உண்மை. ஆனால் ஹட்டனில், ஆனி ஆடி மழையில், காலையில் துவைத்த துணி மூன்று நாளாகியும் காயாத ஊரில்? வெங்காயம் பாதி வெட்டிவிட்டு போன் பேசப் போனால் திரும்பி வரும்போது அலகு செம்மண் நிறம். வைத்துத்தான் ஆவேன் என்றால் கடும் சாயத் தேநீர் வடித்து, கொஞ்சம் வினாகிரி விட்டு, அலகை ஒரு இரவு ஊற வையுங்கள். தேயிலைக் கறை இரும்போடு சேர்ந்து கறுப்பாகப் படியும், அந்தக் கறுப்பு துருவைக் கொஞ்சம் தடுக்கும். கவ்வாத்துக் கத்தி கறுத்திருப்பதும் அதே கறையால்தான். ஜப்பானியர்கள் அலகில் கமேலியா விதை எண்ணெய் பூசுவார்கள். அந்தக் கமேலியா நம் தேயிலையின் உடன்பிறப்பு, ஒரே குடும்பம். இத்தனை ஏக்கர் தேயிலைக்கு நடுவில் இருந்துகொண்டு நாம் தேங்காயெண்ணெய்தான் பூசுகிறோம். அதுவும் இங்கே மார்கழிக் காலையில் போத்தலுக்குள் கட்டியாகிக் கிடக்கும், வெயிலில் வைத்து இளக்க வேண்டும். வாழைப்பூ, வாழைக்காய்க்குக் கார்பன் கத்தி வேண்டாம், கறியே கறுத்துவிடும்.

கையில் 4,000 ரூபாய்தான் இருக்கிறது என்றால் 2,600ஐக் கல்லுக்குக் கொடுங்கள். மீதியில் பாவித்த ஜப்பான் கத்தியோ, தாய்லாந்தின் 'கிவி' கத்தியோ வாங்கலாம். கிவி கடதாசி மாதிரி மெல்லிசு, இரும்பு மென்மையானது, வாரம் ஒருமுறை தீட்ட வேண்டும். ஆனால் கரட்டில் என் 7,900 ரூபாய்க் கத்தியை அது வெட்கப்பட வைக்கும். 10,000 வரை போக முடியுமென்றால் கல்லும் மெல்லிய சீன அகலக் கத்தியும். கல் இல்லாமல் 20,000க்குக் கத்தி மட்டும் வாங்குகிறவரைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. இழுத்து எடுக்கிற 'வி' வடிவ தீட்டியை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அது இரும்பைப் பிய்த்து எடுக்கும், மெல்லிய கத்தியை ஒரு வருடத்தில் தின்றுவிடும். அவசரத்துக்குப் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் மெருகு பூசாத வளையத்தில் நாலு இழுப்பு இழுத்தால் அன்றைய சமையல் ஓடிவிடும்.

மெல்லிய கத்திகளால் நான் செய்யாத வேலைகள் உண்டு. தேங்காய் உடைப்பது, முற்றின பூசணியைப் பிளப்பது, பலாக்காய், ஆட்டெலும்பு. இதற்கெல்லாம் அந்தப் பழைய மன்னாக் கத்தியேதான். லொறி வில்லுத்தகட்டில் அடித்தது, கல்லில் போட்டால் அதுவும் கூராகிறது. இடையில் அப்பாவுக்கு ஒரு தொழிலும் வந்து சேர்ந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பக்கத்து லயத்திலிருந்து கத்திகள் சொப்பிங் பேக்கில் வருகின்றன. போன வாரம் ஒருவர் ஓட்டை போட்ட, அலைக்கோலக் கத்தி ஒன்றைக் கொண்டுவந்து, "ஜப்பான் கத்தி, பார்த்துத் தீட்டுங்க ஐயா" என்றார். அப்பா என்னைப் பார்த்தார். நான் உள்ளே போய் அடுப்பைப் பார்த்தேன்.